இருப்புப்பாதை பேணும் பணி

இரயில் வண்டி விரைந்து செல்லும்போது காண்போர் கண்கள் அதன் எஞ்சின்மேலும் பெட்டிகளின்மேலும் செல்லும். அவ்வண்டியைத் தாங்கிக் கிடக்கும் பாதையை நோக்குவோர் மிகச் சிலரே. தண்டவாளங்களை ஒருமுறை இட்டுவிட்டால் அவை என்றும் அவ்வாறே கிடக்கும் எனப் பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஒவ்வொரு வண்டி ஓடும்போதும் பாதை சிறிது தேய்கின்றது, சிறிது அமிழ்கின்றது, சிறிது விலகுகின்றது. இச்சிறு கேடுகளை அவ்வப்போது நீக்கிப் பாதையைப் பழைய நிலைக்குக் கொணரும் பணியே பாதை பேணுதல் எனப்படும். அப்பணிக்கு ஆகும் செலவைக் குறைப்பது எங்ஙனம்? செலவு குறைந்ததுபோலத் தோன்றினும் உண்மையில் குறையாமல் நிற்பது எப்போது? இவ்வினாக்களுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இருப்புப்பாதை வரலாறு தெளிவான விடை தருகின்றது. அந்நாட்டில் சரக்கு வண்டிப் பாதைகளுள் பெரும்பாலானவை தனியார் நிறுவனங்களுக்கு உரியவை. பாதையைப் பேணுவதற்கான பொருளை அந்நிறுவனங்கள் தாம் பெறும் கட்டணத்திலிருந்தே தேடிக்கொள்ளவேண்டும். ஆதலின், பாதைச் செலவு என்பது அவற்றின் கணக்கேடுகளில் தனியே விளங்கித் தோன்றும். 1916ஆம் ஆண்டில் அந்நாட்டு இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 2,54,000 மைல். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நீளம் அங்கு இருந்ததில்லை.

பாதை இடுவோரை உலகம் போற்றும். பேணுவோரை எளிதில் மறந்துவிடும். 1869ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள், யூட்டா என்னும் பகுதியில், சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் தொழிலாளர் ஒரே பகலில் பத்து மைலுக்குச் சற்று மிகுதியாகப் பாதை இட்டனர். சீனத் தொழிலாளர் பெருந்திரளாக உழைத்தனர்; அயர்லாந்து நாட்டினர் எண்மர் தண்டவாளங்களைத் தூக்கி வைத்தனர். எண்மர் பெயரும் ஏட்டில் இடம்பெற்றன. சீனர் பெயர்கள் இடம்பெறவில்லை. அன்று இட்ட பாதையை மறுநாள் முதல் காத்தவர் யாவர் என்பதை எவரும் எழுதி வைத்திலர். 1904ஆம் ஆண்டில் உப்பேரியின் ஊடாக வேறொரு குறுக்குப் பாதை திறக்கப்பட்டது. பழைய பாதையில் போக்குவரவு சுருங்கிற்று. 1942ஆம் ஆண்டில் அதன் தண்டவாளங்கள் போர்த் தேவைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன.

பாதை கெடுவது ஏன் என்பதை அறிய அதன் அமைப்பை அறிதல் வேண்டும். மேலே இருப்பன எஃகுத் தண்டவாளங்கள் இரண்டு. அவற்றிற்கிடையே உள்ள அகலம் நான்கடி எட்டரை அங்குலம். அவற்றைத் தாங்குவன குறுக்குக் கட்டைகள். இவற்றைச் சிலிப்பர் கட்டைகள் என்றும் வழங்குவர். கட்டைகளின் கீழும் இடையிலும் கருங்கற் சல்லி பரப்பப்பட்டிருக்கும். சல்லியின் கீழே இருப்பது மண். இன்று அமெரிக்காவில் ஓடும் பெரிய சரக்குப் பெட்டி ஒன்று, சுமையுடன் 2,86,000 பவுண்டு எடை வரை இருக்கும். அப்பெட்டிக்குச் சக்கரங்கள் எட்டு. ஆகவே ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ பதினாறு டன் எடையைத் தண்டவாளத்தின்மேல் அழுத்துகின்றது. சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடமோ ஒரு சிறு நாணயத்தின் அளவே. அவ்வளவு அழுத்தத்தை மண் நேரே தாங்காது. தண்டவாளம் அதைப் பல கட்டைகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. கட்டைகள் சல்லிக்கும், சல்லி மண்ணுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. சல்லிக்கு மற்றொரு கடமையும் உண்டு. மழைநீரை அது விரைவில் வடியவிடவேண்டும். கற்களின் இடையே தூசியும் சேறும் புகுந்து அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும், மண் குழையும், கட்டை ஆடும், தண்டவாளம் வளையும். ஓரிடத்துத் தாழ்வு வண்டியைக் குலுக்கும். அக்குலுக்கம் தாழ்வைப் பின்னும் ஆழமாக்கும். பாதையின் சிறு நோய் தானே வளர்ந்து பெருநோயாகும் இயல்புடையது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இந்நோயைத் தீர்க்கும் மருத்துவர் கைத்தொழிலாளரே. ஐந்து முதல் பத்து மைல் வரையுள்ள ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மேஸ்திரியும் சில ஆட்களும் இருந்தனர். அவர்கள் பாதையின் அருகிலேயே குடியிருந்தனர். கையால் இயக்கும் சிறு வண்டியில் ஏறிக் காலையில் புறப்படுவர்; தளர்ந்த ஆணியை அறைவர்; உளுத்த கட்டையைத் தோண்டி எடுத்துப் புதிய கட்டையைச் செருகுவர்; தாழ்ந்த இடத்தைத் தூக்கி, சல்லியை அதன் அடியில் இடித்துக் கெட்டிப்படுத்துவர். தம் பகுதியில் எந்த வளைவில் நீர் தேங்கும், எந்தப் பாலத்தின் அருகே மண் சரியும் என்பவை அவர்களுக்கு மனப்பாடம்.

தென் மாநிலங்களில் இப்பணியைப் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளரே செய்தனர். வண்டிகளின் உந்துதலால் வளைவில் விலகிய பாதையை மீண்டும் நேர்ப்படுத்துதல் அவர்தம் பணிகளுள் கடினமானது. பத்துப் பன்னிருவர் நீண்ட கடப்பாரைகளைத் தண்டவாளத்தின் அடியில் ஊன்றி நிற்பர். ஒவ்வொருவரும் தனித்தனியே நெம்பினால் பாதை மயிரிழையும் அசையாது. அனைவரும் ஒரே நொடியில் நெம்பினால்தான் அசையும். அந்த ஒரே நொடியைக் குறிக்கவே பாட்டு எழுந்தது. பாடகர் ஒருவர் இரண்டு அடிகளைப் பாடுவார். மற்றவர் கடப்பாரையைத் தண்டவாளத்தில் தட்டித் தாளம் இடுவர். தாளம் முடியும் இடத்தில் அத்தனை பேரும் ஒருசேர நெம்புவர். பாதை சிறிது நகரும். மேஸ்திரி தொலைவில் குனிந்து, தண்டவாளத்தின் ஓரத்தைக் கண்ணால் அளந்து, போதும் என்று கைகாட்டுவார். இப்பாடல்கள் வேலைக்களைப்பைப் போக்கியதோடு வேலைக்கு வேண்டிய கருவியாகவும் நின்றன. பொறிகள் வந்தபின் அவை ஓய்ந்துபோயின. 1996ஆம் ஆண்டில், அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த முன்னாள் தொழிலாளர் இருவருக்கு, இப்பாடற்கலைக்காக நாட்டின் மரபுக்கலை விருது வழங்கப்பட்டது.

இவ்வாறு கைகளாலேயே வேலை நடந்த காலத்திற்றான் முதற்பெருஞ் சிக்கனம் பிறந்தது என்பது வியப்பாகத் தோன்றலாம். அது ஆட்களைக் குறைத்ததனால் வந்ததன்று. கட்டைகளின் வாழ்நாளை நீட்டியதனால் வந்தது. பக்குவம் செய்யாத மரக்கட்டை ஈரத்தாலும் பூச்சியாலும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகளில் உளுத்துப்போகும். கரித்தாரிலிருந்து வடிக்கும் கிரியோசோட்டு என்னும் எண்ணெயை மரத்துக்குள் அழுத்தத்தால் புகுத்தினால் அது முப்பது ஆண்டு வரையும் அதற்கு மேலும் நிலைக்கும். இம்முறைக்கு ஜான் பெத்தல் என்பவர் 1838ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காடுகள் மலிந்திருந்த வரை நிறுவனங்கள் இதனைப் பொருட்படுத்தவில்லை. மரத்தின் விலை ஏறிய பின்னரே எண்ணெய்க் கட்டைகள் எங்கும் பரவின. இதன் பயனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு மைல் பாதையில் ஏறத்தாழ 3,200 கட்டைகள் உள்ளன. கட்டை எட்டாண்டு நிலைத்தால், ஆண்டுதோறும் 400 கட்டைகளை மாற்றவேண்டும். முப்பத்திரண்டு ஆண்டு நிலைத்தால் 100 கட்டைகளை மாற்றினாற் போதும். மாற்றும் தொழிலாளரின் கைவேகம் கூடவில்லை. பொறி எதுவும் வரவில்லை. எனினும் வேலை நாலில் ஒன்றாகக் குறைந்தது. செய்யும் வேலையை விரைவுபடுத்துவதைக் காட்டிலும், வேலையே தோன்றாமற் செய்வது மேலான சிக்கனம் என்பதைப் பொறியியலார் இவ்வாறு கற்றனர்.

தண்டவாளத்தில் நேரும் கேடு கட்டையின் கேட்டைப்போல வெளிப்படையாகத் தோன்றுவதன்று. 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், நியூயார்க்கு மாநிலத்து மான்செஸ்டர் என்னும் ஊரின் அருகே பயணிகள் வண்டியொன்று பாலத்தின்மேல் தடம்புரண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். உடைந்த தண்டவாளத்தை ஆராய்ந்தபோது, அதன் உட்புறத்தே கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகள் இருந்தமை தெரிந்தது. மேற்பரப்பைக் கூர்ந்து நோக்கும் எந்த மேஸ்திரியும் அதனைக் கண்டிருக்க இயலாது. இக்குறையை நீக்க முயன்றவர் எல்மர் ஸ்பெரி என்னும் அறிஞர். கப்பல்களுக்கான சுழல்திசைகாட்டியால் புகழ்பெற்றவர் அவரே. தண்டவாளத்தின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தினால், வெடிப்பு உள்ள இடத்தில் அதனைச் சூழ்ந்த காந்தப்புலம் மாறும். அம்மாற்றத்தைக் கருவி காட்டும். இத்தகைய சோதனை வண்டி 1928ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. பின்னாளில் செவிக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்தி ஆராயும் முறையும் வந்தது. தண்டவாளம் நலமாக இருந்தாலும் அச்சத்தால் மாற்றும் செலவும், கெட்டிருந்தாலும் அறியாமையால் விட்டுவிடும் ஆபத்தும் இதனால் ஒருங்கே குறைந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நிலைமை விரைந்து மாறிற்று. 1949ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து, பாதைத் தொழிலாளர் முதலியோருக்கு வாரத்திற்கு 48 மணி நேர வேலை 40 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது, வாரக்கூலி குறைக்கப்படவில்லை. தொழிலாளருக்கு இது நெடுநாள் காத்திருந்து பெற்ற நன்மை. நிறுவனங்களின் பக்கம் நோக்கினால், ஒரு மணி நேர வேலைக்கு ஆகும் கூலி ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது. அதுவரை விலை மிகுதி என்று ஒதுக்கிய பொறிகளை அவை இப்போது விரும்பி வாங்கலாயின. ஆணியைப் பிடுங்க ஒரு பொறி; கட்டையை இழுக்க ஒரு பொறி; புதியதைச் செருக ஒரு பொறி; ஆணியை அறைய ஒரு பொறி; சல்லியை ஒழுங்குபடுத்த ஒரு பொறி.

இவற்றுள் சல்லியைக் கெட்டிக்கும் பொறி சிறப்பாகக் குறிக்கத்தக்கது. அது பாதையைப் பற்றி, வேண்டிய உயரத்திற்குத் தூக்கும். எஃகு விரல்கள் சில கட்டையின் இருபுறமும் சல்லிக்குள் இறங்கி, நொடிக்கு முப்பத்தைந்து முறை அதிர்ந்துகொண்டே கற்களைக் கட்டையின் அடியில் நெருக்கும். இவ்வகைப் பொறிகள் சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் செப்பமுற்று அமெரிக்காவிற்கும் வந்தன. ஆஸ்திரியாவில் 1953ஆம் ஆண்டில் தோன்றிய பிளாசர்–தாய்ரர் நிறுவனம் இத்துறையில் உலகப்புகழ் பெற்றது. எனினும் இப்பொறிக்கும் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு முறை கெட்டிக்கும்போதும் கற்கள் சிறிது நொறுங்கும். நொறுங்கிய தூள் நீர் வடியும் வழியை அடைக்கும். மருந்தாயினும் அளவறிந்தே கொடுத்தல் வேண்டும்.

பொறிகளோடு ஒட்டுத் தண்டவாளமும் வந்தது. முன்னாளில் தண்டவாளம் ஒன்றின் நீளம் 39 அடி. நாற்பதடிச் சரக்குப் பெட்டியில் ஏற்றுவதற்கேற்ற நீளம் அது. இதனால் ஒரு மைல் பாதையில் ஏறத்தாழ 270 இணைப்புகள் இருந்தன. வண்டி செல்லும்போது எழும் தடக்குத் தடக்கு என்னும் ஓசை பயணிகளுக்குத் தாலாட்டாக இருக்கலாம். பாதைக்கோ அது சம்மட்டி அடி. இணைப்புத் தகடும் அதன் அடியிலுள்ள கட்டையுமே முதலில் கெடும். தண்டவாளங்களைப் பற்றவைத்துக் கால் மைல் நீளமுள்ள துண்டுகளாக்கி, அவற்றையும் பாதையிலேயே ஒன்றோடொன்று ஒட்டினால் இணைப்புகள் மறைந்துவிடும். 1930க்குப்பின் சிறிய அளவில் தொடங்கிய இம்முறை 1950க்குப்பின் பரவிற்று. வெப்பத்தால் எஃகு நீளும் அல்லவா? ஒரு மைல் நீளத் தண்டவாளம், வெப்பநிலை 40 பாகை உயர்ந்தால், தடையின்றி விடும்போது இரண்டரை அடி நீளும். ஆதலின், வெம்மையான நிலையிலேயே அதனைக் கட்டைகளோடு இறுகப் பிணைப்பர். கோடையில் அழுத்தமும் குளிர்காலத்தில் இழுப்பும் எஃகுக்குள்ளேயே அடங்கி நிற்கும். பிணைப்பும் சல்லியும் தளர்ந்திருந்தால், கடுங்கோடையில் பாதை பாம்புபோல் நெளிந்துவிடும். ஆட்குறைப்பிற்கு உதவிய அதே முறை, எஞ்சிய ஆட்களின் விழிப்பைப் பன்மடங்கு வேண்டுகின்றது.

ஊர்தோறும் இருந்த சிறு குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அவற்றின் இடத்தில் ஐம்பது அறுபது பேர் கொண்ட பெரிய குழுக்கள், பொறிகளின் நீண்ட வரிசையோடு பல நூறு மைல் பயணம் செய்யலாயின. இத்தகைய குழு, வண்டிகளின் இடையூறு இல்லாத நாளில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டைகளை மாற்றிவிடும். தலைக்கு இத்தனை கட்டை என்று கணக்கிட்டால், ஆக்கத்திறன் முன்னினும் பெரிதும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. இவ்வுயர்வின் பளுவைத் தாங்கியோர் தொழிலாளர். பலர் வேலை இழந்தனர். வேலையில் நின்றோர் குடும்பத்தைப் பிரிந்து வாரக்கணக்கில் வெளியூர்களில் தங்கினர். பாதைத் தொழிலாளரின் சங்கம் 1887ஆம் ஆண்டில், அலபாமா மாநிலத்தில், ஜான் வில்சன் என்னும் மேஸ்திரியால் தொடங்கப்பட்டது. அச்சங்கமும் வேறு சில சங்கங்களும் 1965ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் நிறுவனங்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டன. குறித்த காலத்துக்கு முன்பே பணியில் இருந்தோரின் வேலைக்கு அவ்வுடன்பாடு காப்பளித்தது. பொறியினால் விளையும் ஆதாயத்தில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு என்னும் நீதி ஓரளவேனும் அதில் இடம்பெற்றது.

இங்கு ஒரு வினா எழும். ஒரு மைலுக்கு இத்தனை ஆட்கள் என்னும் எண்ணிக்கை குறைந்தால், திறமை வளர்ந்துவிட்டது என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. வேலையைத் திறமையாகச் செய்தாலும் அவ்வெண் குறையும். வேலையைச் செய்யாமலே விட்டாலும் அது குறையும். கணக்கேட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இதனை அமெரிக்கா பெருவிலை கொடுத்துக் கற்றது.

1956ஆம் ஆண்டில் நாடெங்கும் பெருஞ்சாலைகள் அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்கம் இட்ட அச்சாலைகளில் சரக்கு லாரிகள் பெருகின. இரயில் நிறுவனங்களோ தம் கட்டணத்தைத் தாமே மாற்றிக்கொள்ள இயலாமல் அரசாங்க ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. வருவாய் குன்றியபோது, உடனே குறைக்கத்தக்க செலவு எது என்று அவை தேடின. எரிபொருள் இன்றி வண்டி ஓடாது. ஓட்டுநர் இன்றியும் ஓடாது. ஆனால் இவ்வாண்டு மாற்றவேண்டிய கட்டைகளை அடுத்த ஆண்டிற்கு ஒத்திவைத்தால் நாளைய வண்டி நின்றுவிடாது. ஆகவே பாதைச் செலவின்மேலேயே கத்தி விழுந்தது. மைலுக்கு ஆண்டுதோறும் 100 கட்டைகள் மாற்றவேண்டிய இடத்தில் 50 மாற்றினால், பத்தாண்டுகளில் 500 கட்டைகள் கடனாகச் சேரும். அக்கடன் எந்த வங்கியின் ஏட்டிலும் இராது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். உளுத்த கட்டை தாங்காத சுமையை அடுத்த கட்டை தாங்கவேண்டியிருத்தலின் அதுவும் விரைவில் கெடும். இதனை வட்டி என்றே சொல்லலாம்.

1968ஆம் ஆண்டில் பென்சில்வேனியா, நியூயார்க்கு சென்ட்ரல் என்னும் இரு பெருநிறுவனங்கள் இணைந்து பென் சென்ட்ரல் என்னும் பெயர் பெற்றன. இரண்டாண்டு கழித்து, 1970ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், அது நொடித்துப்போயிற்று. அமெரிக்காவில் அதுவரை எந்த நிறுவனமும் அவ்வளவு பெருந்தொகைக்கு நொடித்ததில்லை. நொடிப்பிற்குக் காரணம் பல. அவற்றுள் பாதையின் சீர்கேடும் ஒன்று; அச்சீர்கேடு மற்றக் காரணங்களின் விளைவாகவும் இருந்தது. அறுபது மைல் வேகத்தில் செல்லத்தக்க பாதைகள் பலவற்றில் பத்து மைல் வேகத்திற்குமேல் செல்லலாகாது என்று ஆணையிட நேர்ந்தது. பத்து மைல் தொலைவைப் பத்து நிமிடத்தில் கடந்த வண்டி ஒரு மணி நேரம் ஊர்ந்தது. அதே சரக்கைக் கொண்டுசெல்ல எஞ்சின்களும் பெட்டிகளும் ஓட்டுநர்களும் மிகுதியாக வேண்டியிருந்தனர். சரக்கு காலந்தாழ்ந்து சேரவே வணிகர் லாரிகளை நாடினர். வருவாய் மேலும் குன்றிற்று. பாதைக்கு ஒதுக்கும் பொருளும் மேலும் குன்றிற்று. நின்றுகொண்டிருந்த பெட்டிகளே தடம்புரண்ட நிகழ்ச்சிகளும் உண்டு. ஓடாத வண்டியைக்கூடத் தாங்க மாட்டாத அளவிற்குக் கட்டைகள் உளுத்திருந்தன. பாதையின் தரத்திற்கேற்ப வேகத்தை வரையறுக்கும் அரசாங்க விதிகள் 1971ஆம் ஆண்டில் வந்தன. ஆனால் விதியால் கட்டை புதிதாகிவிடுவதில்லை.

இறுதியில் அரசாங்கமே தலையிட்டது. நொடித்த நிறுவனங்களின் பாதைகளை ஏற்று 1976ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் கான்ரெயில் என்னும் நிறுவனம் தொடங்கிற்று. அதற்கு அரசாங்கம் அளித்த பொருள் ஏறத்தாழ 700 கோடி டாலர். அதில் பெரும்பங்கு, முன்னாளில் செய்யாமல் விட்ட பாதை வேலைகளுக்கும் பழுதுபட்ட வண்டிகளுக்கும் செலவாயிற்று. பாட்டன் சேமித்ததாக எண்ணியதைப் பேரன் வரியாகச் செலுத்தினான். பயனற்ற கிளைப்பாதைகள் கைவிடப்பட்டன. 1980ஆம் ஆண்டு அக்டோபரில் இயற்றப்பட்ட ஸ்டாகர்ஸ் சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைப் பெரிதும் தளர்த்தியது. கான்ரெயில் மறு ஆண்டே இலாபம் கண்டது. 1987ஆம் ஆண்டில் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன.

அதன்பின் இருபதாண்டுகளில் நேர்ந்த மாற்றம் பெரிது. பெரிய நிறுவனங்கள் 1980ஆம் ஆண்டில் கொண்டுசென்ற சரக்கு ஏறத்தாழ 91,900 கோடி டன்-மைல். 2000ஆம் ஆண்டில் அது 1,46,600 கோடி. அவை பேணிய பாதையின் நீளமோ ஏறத்தாழ 2,70,000 மைலிலிருந்து 1,70,000 மைலாகச் சுருங்கிற்று. ஆகவே ஒரு மைல் பாதை தாங்கும் சரக்கு இரண்டரை மடங்காயிற்று. பணியாளர் தொகை 4,58,000இலிருந்து 1,70,000க்கும் கீழே இறங்கிற்று. இவ்வெண்களைக் கண்டவுடன் மயங்கிவிடலாகாது. பணியாளர் என்பதில் ஓட்டுநர், எழுத்தர், கொல்லர் அனைவரும் அடங்குவர். தண்டவாளம் தீட்டுதல், சோதித்தல் போன்ற வேலைகளை ஒப்பந்தக்காரரிடம் விட்டால், அவர்தம் ஆட்கள் நிறுவனத்தின் கணக்கில் வரார். கணக்கெழுதும் முறையும் 1983ஆம் ஆண்டில் மாறிற்று. அதற்கு முன் பழைய தண்டவாளத்தையும் கட்டையையும் மாற்றும் செலவு, அவ்வாண்டுச் செலவாகவே எழுதப்பட்டது. பின்னர் அது முதலீடாகக் கருதப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பகிரப்பட்டது. முறை மாறியதை அறியாதவன் செலவே மாறியதாக எண்ணிவிடுவான்.

இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் உண்மையான முன்னேற்றம் எஞ்சுகின்றது. பழைய எண்ணெய்க் கட்டையின் கதையே இங்கும் தொடர்கின்றது. கடினமாக்கிய தலைப்பகுதியையுடைய எஃகு வந்தது; வளைவுகளில் தேய்மானத்தைக் குறைக்க மசகு பூசும் கருவிகள் வந்தன; சிமெண்டுக் கட்டைகள் சில இடங்களில் வந்தன. தண்டவாளத்தின் மேற்பரப்பை மெல்லிதாகத் தீட்டி எடுத்தால் வெடிப்புகள் உள்ளே பரவாமல் தடுக்கலாம் என்பதும் தெளிவாயிற்று. தேய்மானத்தைத் தடுக்கத் தாமே சிறிது தேய்த்துவிடும் விந்தை அது. கொலராடோ மாநிலத்துப் பியூப்ளோ நகரின் அருகே 1976 முதல் சோதனைப் பாதையொன்றில் பெருஞ்சுமை வண்டியைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, எந்த எஃகும் எந்தக் கட்டையும் எவ்வளவு தாங்கும் என்று கண்டறிந்தனர்.

ஆயினும் புதியதொரு செலவு இப்போது தலையெடுத்துள்ளது. அது பொருளின் செலவுமன்று, கூலியின் செலவுமன்று, நேரத்தின் செலவு. பாதைகள் குறைந்து வண்டிகள் மிகுந்தமையால், வேலை செய்வதற்குப் பாதை காலியாகக் கிடைப்பது அரிது. அறுபது பேரும் இருபது பொறிகளும் காலை முதல் காத்திருந்து, வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, மூன்று நான்கு மணி நேரமே வேலை செய்யும் நாட்கள் உண்டு. வண்டியை நிறுத்தினால் போக்குவரவு அதிகாரி சினப்பார். வேலையை நிறுத்தினால் செலவு அதிகாரி சினப்பார். மத்தளத்துக்கு இருபக்கமும் இடி என்பது பாதைப் பொறியாளரின் நிலைக்குப் பொருந்தும். ஆதலின், ஒரு தடத்தைச் சில நாட்கள் முழுதும் மூடி, பல குழுக்களை ஒருங்கே இறக்கி, எல்லா வேலையையும் முடித்துவிடும் வழக்கம் சில நிறுவனங்களில் ஏற்பட்டுள்ளது.

இத்தனை கருவிகள் இருந்தும், பழைய பகை புதிய வடிவில் வந்ததை 2005ஆம் ஆண்டு காட்டிற்று. வயோமிங் மாநிலத்தில் பவுடர் ஆற்றுப் படுகை என்னும் பகுதி உண்டு. அங்குள்ள சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ஏற்றிய வண்டிகள், நூறுக்கு மேற்பட்ட பெட்டிகளுடன், இரு நிறுவனங்களுக்குப் பொதுவான ஒரு பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. திறந்த பெட்டிகளிலிருந்து கரித்தூள் காற்றில் பறந்து சல்லியின்மேல் படிந்து, கற்களின் இடைவெளிகளை நிரப்பிற்று. உலர்ந்த நாட்களில் தீங்கு வெளிப்படவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் மழையும் பனியும் மிகுந்தன. நீர் வடிய வழியின்றித் தேங்கவே, பாதையின் வலு குன்றிற்று. மே 14, 15 ஆகிய அடுத்தடுத்த இரு நாட்களில் இரண்டு வண்டிகள் தடம்புரண்டன. சல்லியைத் தோண்டி எடுத்துத் தூய்மை செய்யும் பணி அவ்வாண்டு முழுதும் நீடித்தது. அப்பணிக்காக வண்டிகள் குறைக்கப்பட, பல மாநிலங்களின் மின் நிலையங்களில் நிலக்கரி இருப்பு குறைந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் விளக்கேற்றுவோர், கல் இடுக்கில் புகுந்த தூளுக்காக மிகுதியான விலை கொடுக்க நேர்ந்தது. பெட்டியில் நிலக்கரியைக் குவிக்கும் வடிவத்தை மாற்றியும், அதன்மேல் தூளை அடக்கும் நீர்மத்தைத் தெளித்தும் இக்கேட்டைக் குறைக்கும் முறைகள் பின்னர் நடைமுறைக்கு வந்தன.

இன்று பாதையின் வடிவை அளக்கும் கருவிகள் ஓடும் சரக்கு வண்டியிலேயே பொருத்தப்படுகின்றன. சல்லியின் உள்ளே தேங்கிய ஈரத்தையும் மின்காந்த அலைகளால் அறிகின்றனர். எனினும், அறுபது மைல் வேகத்தில் சரக்கு வண்டி செல்லும் முதன்மைப் பாதைகளை வாரத்திற்கு இருமுறை ஆள் சென்று பார்வையிடுதல் வேண்டும் என்பது நெடுங்காலமாக நின்ற விதி. சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடவல்ல சிறு வண்டியில் ஏறி ஆய்வாளர் புறப்படுவார். ஐயம் தோன்றிய இடத்தில் இறங்கி, தண்டவாளங்களின் இடையே அளவுகோலை வைப்பார். நான்கடி எட்டரை அங்குலம் இருக்கவேண்டிய அகலம், அத்தகைய பாதையில், ஓர் அங்குலம் வரை கூடியிருக்கலாம். அதற்குமேல் கூடியிருந்தால், அவ்விடத்திலிருந்தே செய்தி அனுப்பி, வரும் வண்டியின் வேகத்தைக் குறைக்கச் செய்வார்.